விடுதியில் குடித்துவிட்டு மயங்கியவன்: முதலில் 108-ஆ, முதலில் நீக்கமா?

வார்டன்_காரிமங்கலம்:
தருமபுரி, கிருஷ்ணகிரி கல்லூரி விடுதிகளுக்கு ஒரே விதி போதும். குடித்தோ கஞ்சா அடித்தோ பிடிபட்டால் அன்றே நீக்கம். தமிழ்நாட்டில் மது வாங்கக் குறைந்தபட்ச வயது 21. விடுதிப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் அதற்குக் கீழேதான். ஓசூரைத் தாண்டினால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி, பாக்கெட் சரக்கு பைக்கிலேயே வந்துவிடும். போதைப்பொருள் சட்டம் 1985, பிரிவு 25-ஐயும் பாருங்கள்: தன் பொறுப்பிலுள்ள இடத்தில் குற்றம் நடக்கத் தெரிந்தே விடுகிறவருக்கும் அதே தண்டனை. மாட்டுவது வார்டன்தான்.

அவசரப்பிரிவு_நர்ஸ்:
சார், நீக்கிடுவாங்கன்னு பயந்தா ரூம்மேட் 108-க்கு போன் பண்ண மாட்டான். கதவைச் சாத்திட்டு மோர் ஊத்துவான், தலையில தண்ணி ஊத்துவான், "தூங்கினா தெளிஞ்சிடும்"னு மல்லாக்கப் படுக்க வைப்பான். உயிர் போறது அங்கதான். குடிக்கிறதை நிறுத்தின பிறகும் வயித்துல இருக்கிறது ரத்தத்துல ஏறிக்கிட்டே இருக்கும். மோர், எலுமிச்சை, காபி எதுவும் அதைக் குறைக்காது, நினைவில்லாதவன் வாயில ஊத்தினா நுரையீரலுக்குத்தான் போகும். பச்சைத்தண்ணி உடம்புச் சூட்டை இன்னும் இறக்கும்.

கூப்பிட்டுக் கிள்ளினாலும் கண் திறக்கலையா? ஒரு நிமிஷம் முழுசா எண்ணினா மூச்சு 8-க்குக் கீழேயா? ரெண்டு மூச்சுக்கு நடுவுல 10 விநாடிக்கு மேல இடைவெளியா? உதடு, நகம் நீலமா? வலிப்பா? இதுல ஒண்ணு இருந்தாலும் உடனே 108. வண்டி வர்ற வரைக்கும் இடப்பக்கமா ஒருக்களிச்சு, மேல் கால் முட்டியை மடக்கி, வாய் தரையைப் பார்க்கிற மாதிரி படுக்க வையுங்க. ஒருத்தர் பக்கத்துலயே இருந்து மூச்சை எண்ணணும்.

வக்கீல்_கிருஷ்ணகிரி:
வார்டன் சார், பிரிவு 25-ல் "தெரிந்தே" என்ற சொல்தான் முக்கியம். ஆம்புலன்ஸ் கூப்பிடுவது அனுமதிப்பது ஆகாது. தெரிந்த பிறகும் மூடி மறைப்பதுதான் ஆபத்து. அதே சட்டத்தில் 64ஏ இருக்கிறது. போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை பெற்றால், உட்கொண்டதற்கும் சிறிய அளவு வைத்திருந்ததற்கும் வழக்கிலிருந்து விலக்கு. கஞ்சாவுக்குச் சிறிய அளவு 1 கிலோ வரை. சிகிச்சையை முடிக்காமல் பாதியில் ஓடினால் விலக்கு பறிபோகலாம். இது மதுவுக்குப் பொருந்தாது, அதனால் குடித்ததற்கான விலக்கைக் கல்லூரி விதியில்தான் எழுத வேண்டும்.

வார்டன்_காரிமங்கலம்:
உதவிக்கு அழைத்தவருக்கும் விலக்கு என்றால், விற்றவனே போன் போட்டுவிட்டுத் தப்பிக்கலாமே? செமஸ்டருக்கு ஒருமுறை எல்லாருக்கும் சிறுநீர்ப் பரிசோதனை வையுங்கள், பயம் இருக்கும்.

அவசரப்பிரிவு_நர்ஸ்:
அந்தச் சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டையை (ஸ்ட்ரிப்) நம்பி யாரையும் நீக்காதீங்க. பசங்க இப்ப தவறா பயன்படுத்துற டேபென்டடால் வலி மாத்திரை, மார்ஃபின் வகையைக் கண்டுபிடிக்கிற சாதாரண பட்டையில பொதுவா தெரியாது. கசகசா போட்ட குருமா சாப்பிட்டவனுக்கு மார்ஃபின் இருக்குன்னு காட்டலாம். ஆய்வகத்துல மறுபரிசோதனை பண்ணாம அது சான்றே இல்லை.

டேபென்டடாலும் மதுவும் சேர்ந்தா ரெண்டுமே மூச்சை அடக்கும். கண்பாவை ஊசிமுனை மாதிரி சுருங்கியிருந்தா சந்தேகப்படுங்க. இந்த வகை மாத்திரையோட வேலையை முறிக்கிற நலாக்சோன் ஊசி போட்டா எழுந்திருப்பான், ஆனா ஊசியோட வேலை பெரும்பாலும் 30லிருந்து 90 நிமிஷம்தான். மாத்திரை அதுக்கு மேலயும் நிக்கும், மறுபடி மூச்சு அடங்கலாம். எழுந்துட்டான்னு கூட்டிட்டுப் போயிடக் கூடாது. காலி மாத்திரை அட்டையைக் கையோட கொண்டு வரணும். தண்டனைக்குப் பயந்தவன் அந்த அட்டையைத்தான் முதல்ல ஜன்னல் வழியா வீசுவான்.

வக்கீல்_கிருஷ்ணகிரி:
விதியை இப்படி எழுதலாம்: "உதவி கேட்டு அழைத்தவர், பாதிக்கப்பட்டவர் இருவர் மீதும் அன்றைய குடி, போதை உட்கொண்டதற்காக விடுதி நடவடிக்கை இல்லை. விற்பனை, வன்முறை, ராகிங் இதில் அடங்காது. பாதிக்கப்பட்டவர் 7 நாளுக்குள் ஆலோசகரைச் சந்திக்க வேண்டும்." விற்றவன் போன் செய்தாலும் விற்றதற்குத் தப்ப முடியாது.

வார்டன்_காரிமங்கலம்:
விற்பனையைத் தனியே பிரித்தது சரி. பெற்றோருக்குச் சொல்லாமல் விடுவதை மட்டும் ஏற்க மாட்டேன்.

அவசரப்பிரிவு_நர்ஸ்:
சொல்லுங்க சார், உயிர் நிலைச்ச பிறகு. அதுக்கு முன்னாடி ராத்திரி கேட் சாவியைப் பாருங்க. 10 மணிக்குப் பூட்டிட்டுச் சாவியை வாட்ச்மேன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா, 108 வாசல்ல நிக்கும்.

வார்டன்_காரிமங்கலம்:
இரண்டாவது சாவி மாடி வார்டன் அறையில் இருக்கும்படி செய்யலாம். அதில் எனக்கு மறுப்பில்லை.