'கெரில்லா' ஆளா, போரா?

திண்ணைவாசி:
ஒரு செய்தித் தலைப்பில் "கெரில்லாப் போர்" என்று பார்த்தேன். ஸ்பானிய மொழியில் 'கெர்ரா' என்றால் போர். '-இய்யா' சின்னது என்று காட்டும் விகுதி. ஆக, கெரில்லா என்றாலே சிறுபோர்தான். 'சிறுபோர்ப் போர்' என்பது 'நடு சென்டர்' மாதிரி இல்லையா? சண்டை போடுகிற ஆளுக்கு அங்கே 'கெரிய்யேரோ' என்று தனிச்சொல் இருக்கிறது. நாம் ஆளையும் கெரில்லா என்கிறோம். இரண்டுமே பிழை.

சொல்லாடி:
ஸ்பானியர்களே 'கெர்ரா தே கெரிய்யாஸ்' என்கிறார்கள், ஐயா. 1960-இல் வந்த சே குவேராவின் நூலுக்குத் தலைப்பே அதுதான். அவருக்கும் திருத்தம் போடுவீர்களா?

திண்ணைவாசி:
அங்கே இரண்டாவது சொல் சிறு படைக்குழுக்களைக் குறிக்கிறது. தனி ஆளை அல்ல.

சொல்லாடி:
அப்போ 'நடு சென்டர்' கதை முடிந்தது! போர் என்ற சொல் குழுவுக்கு ஆகிவந்தால், குழுவில் இருக்கும் ஆளுக்கு ஏன் ஆகக்கூடாது? 1808-இல் நெப்போலியன் படை ஸ்பெயினைப் பிடித்தபோது, ஊர்க்காரர்கள் மலைப்பாதைகளில் பதுங்கியிருந்து பிரெஞ்சுத் தூதர்களையும் உணவு வண்டிகளையும் மடக்கினார்கள். அங்கே போரிட்ட ஆங்கிலேயர் வழியாகத்தான் இந்தச் சொல் ஆங்கிலத்துக்குப் போனது. போன வேகத்திலேயே ஆளையும் குறித்துவிட்டது.

வடலி:
ஈழத்தில் 'கரந்தடி' என்று ஒரு சொல் புழங்கியது. கரந்து, அதாவது மறைந்திருந்து அடிப்பது. போருக்குக் கரந்தடிப் போர், படைக்குக் கரந்தடிப்படை. உங்கள் வழக்குக்கு அங்கே வேலையே இல்லை. (சிலர் 'கொரில்லாப் போர்' என்று எழுதியதைப் படித்துவிட்டு, சின்ன வயதில் குரங்குகள் துப்பாக்கி தூக்குவதாக நினைத்திருந்தேன். அது கிரேக்கம் வழி வந்த வேறு சொல்.)

திண்ணைவாசி:
கரந்தடி அருமை. ஆனால் கடன் வாங்கினால் மூலப்பொருளை மதிக்கவேண்டும்.

சொல்லாடி:
எந்த மூலம்? லத்தீனில் போருக்கு 'பெல்லும்'. ஸ்பானியம் அதை விட்டுவிட்டு ஜெர்மானிய 'வெர்ரா'வைக் கடன் வாங்கித்தான் 'கெர்ரா' ஆக்கியது. ஆங்கில 'வார்' கூட அதே வேர்தான். அப்புறம், வெனிலாவும் ஸ்பானியச் சொல். 'வைனா' என்றால் உறை, வெனிலா சிற்றுறை. ஐஸ்கிரீம் கடையில் "ஒரு சிற்றுறை கொடுங்க" என்றா கேட்கிறீர்கள்?

திண்ணைவாசி:
ஐஸ்கிரீமை விடுங்கள். பிரெஞ்சுக்காரர்களும் கடன் வாங்கியவர்கள்தானே? போருக்கு 'கெரியா', ஆளுக்கு 'கெரியேரோ' என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள்.

சொல்லாடி:
அவர்களுக்கு ஸ்பெயின் பக்கத்து வீடு. நமக்கு வந்தது ஆங்கிலம் வழியாக. அதனால்தான் 'கெரிய்யா' என்னாமல் நீங்களும் 'கெரில்லா' என்றே எழுதுகிறீர்கள்.