பழைய வரைபடத்தில் கடல் எங்கே? தொடக்கநிலை 4 பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

சனிக்கிழமை_வகுப்பு

சிங்கப்பூரில் ஒரு சமூக மன்றத்தில் 14 பிள்ளைகள், எல்லாரும் தொடக்கநிலை 3, 4. வாரம் ஒன்றரை மணி நேரம், மொத்தம் நாலு வாரம். பள்ளியில் சோஷியல் ஸ்டடீஸ் ஆங்கிலத்தில் நடக்கிறது. அதையே இங்கே தமிழில் பேச வைக்க வேண்டும். ராஃபிள்ஸ் வந்த ஆண்டு கேட்டால் 1819 என்று கோரஸாக வருகிறது. ஆனால் கோல்மன் நகரத்தை அளந்து வரைந்த 1836ஆம் ஆண்டு வரைபடத்தை விரித்தால், "மரினா பே காணோம், படம் தப்பு" என்கிறார்கள். வடக்கு எது என்றால் கூரையைக் காட்டுகிறார்கள். எங்கே தொடங்குவது? கடைசி வாரம் பழைய கடலோரத் தெருவான தெலுக் ஆயரில் நடை வைத்தால் பயன் உண்டா, வெறும் சுற்றுலாவாகிவிடுமா?

அளவுகோல்

வரைபடத்தைச் சுவரில் மாட்டி "மேலே வடக்கு" என்று சொல்லிக்கொடுத்தால் கூரையைத்தான் காட்டுவார்கள். முதல் வாரம் படத்தைத் தரையில் விரியுங்கள். படத்தின் வடக்கும் அறையின் வடக்கும் ஒத்துப்போகும்படி திருப்பிவிட்டு, பிள்ளைகள் சுற்றி உட்காரட்டும்.

திசைகாட்டியை மேசைமேல் வைக்காதீர்கள். மன்றங்களில் மேசைக்கால் இரும்பு, முள் இழுபடும். கைப்பேசி என்றால் காந்த மூடி போட்ட உறையைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். நிழலை வைத்து வடக்கு கண்டுபிடிக்கும் பயிற்சி வெளிநாட்டுப் புத்தகங்களில் இருக்கும். அதை அப்படியே எடுத்தால் இங்கே கவிழ்ந்துவிடும். நாம் நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறக்குறைய 137 கிலோமீட்டரில்தான் இருக்கிறோம். உச்சிவெயில் நிழல் ஏப்ரலிலிருந்து ஆகஸ்டு வரை தெற்கே விழும், நவம்பரிலிருந்து ஜனவரி வரை வடக்கே. அந்த உச்சியும் 12 மணிக்கு இல்லை, 1 மணியை ஒட்டித்தான். காலை வெயிலை வைத்துக் கிழக்கை மட்டும் சொல்லிக்கொடுங்கள், போதும்.

அளவுக்கு அறையையே எடுங்கள். 8 மீட்டருக்கு 6 மீட்டர் அறை என்றால் 1:50 அளவில் 16 செ.மீ.க்கு 12 செ.மீ. ஏ4 தாளில் தாராளமாக அடங்கும். 120 செ.மீ. மேசை 2.4 செ.மீ. ஆகும். மேசைகளை வண்ணத்தாளில் வெட்டி ஒட்டச் சொல்லுங்கள், வரையச் சொன்னால் இஷ்டத்துக்குப் பெரிதாகும். நாற்காலிக்கு நாலு கால் போட்டு பக்கவாட்டில் வரைகிற பிள்ளை கட்டாயம் ஒன்றாவது இருக்கும். அதைத் திட்டித் திருத்த முடியாது. பென்சில் டப்பாவைத் தரையில் வைத்து நேர் மேலேயிருந்து பார்த்து வரையச் சொல்லுங்கள், தானாகப் புரியும். "ஒன்றுக்கு ஐம்பது" என்பதைவிட "ஐம்பது மடங்கு சுருக்கினோம்" என்று சொன்னால் 1:5000 வரும்போது எண் பெரிது, படமும் பெரிது என்ற குழப்பம் வராது.

கரைக்கோடு

"படம் தப்பு" என்றால் சந்தோஷப்படுங்கள், நல்ல கேள்விக்கு வாசல் அது. இரண்டாம் வாரம் அதற்கே போகட்டும்.

கோல்மன் படத்தையும் இன்றைய ஒன்மேப் (அரசாங்க இணைய வரைபடம்) படத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து அச்சிடுங்கள். பழையதன் கடற்கரை, ஆறு, தெருக்களை மட்டும் ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளில் மெல்லிய, அழியாத மை மார்க்கரால் பிள்ளைகளே எடுக்கட்டும். பிறகு புதியதன்மேல் வைத்துப் பொருத்த வேண்டும். இங்கேதான் எல்லாக் குழுவும் தடுமாறும். கண்ணுக்கு முதலில் படுவது கடற்கரை என்பதால் கரையோடு கரையைச் சேர்ப்பார்கள். கரைதான் நகர்ந்துபோன பொருள்! நகராத மூன்றைப் பிடிக்கச் சொல்லுங்கள்: ஃபோர்ட் கேனிங் குன்று (பழைய படத்தில் அரசாங்கக் குன்று), இரண்டு படத்திலும் உள்ள இரு தெருச்சந்திப்புகள். இரண்டு புள்ளி மட்டும் போதாது. அளவு பொருந்தாவிட்டால் மூன்றாவதுதான் காட்டிக்கொடுக்கும்.

பொருந்திய பிறகு தெலுக் ஆயர் ஸ்திரீட்டைத் தேடச் சொல்லுங்கள். பழைய தாளில் அது கடலோரம். "தெலுக்" என்றால் மலாயில் விரிகுடா, "ஆயர்" தண்ணீர். பெயர் அப்படியே நிற்கிறது, தண்ணீர்தான் போய்விட்டது.

ஒரு எச்சரிக்கை. ராஃபிள்ஸ் காலத்து ஜாக்சன் நகரத் திட்டத்தை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அது நகரம் எப்படி அமைய வேண்டும் என்று வரைந்த திட்டம். சூலியா கம்போங் (தமிழ் முஸ்லிம்களின் குடியிருப்பு) என்று கட்டம் போட்டிருப்பதால் எல்லாரும் அந்தக் கட்டத்துக்குள் வாழ்ந்ததாகப் பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். கோல்மனுடையது நில அளவை. வீடு வாங்குவதற்குமுன் பார்க்கும் விளம்பரப் படத்தையும் சாவி வாங்கியபின் எடுத்த புகைப்படத்தையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் புரியும்.

சனிக்கிழமை_வகுப்பு

அவ்வளவு மண் எங்கிருந்து வந்தது என்று கட்டாயம் கேட்பார்கள்.

கரைக்கோடு

தெலுக் ஆயர் விரிகுடாவை 1880களில் தூர்த்தபோது வாலிச் குன்றை வெட்டி மண் எடுத்தார்கள். மரினா பக்கம் கடலிலிருந்து நிலம் மீட்டதெல்லாம் 1970களிலிருந்து நடந்தது, இரண்டையும் ஒரே வேலையாகச் சொல்லிவிடாதீர்கள்.

ஒரு தட்டில் இதைச் செய்து காட்டலாம். அகலமான அலுமினியத் தட்டு, ஒரு பக்கம் பிளாஸ்டிசின் குன்று, மறுபக்கம் 1 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர். முதலில் குன்றைக் கிள்ளி அப்படியே தண்ணீரில் போட்டு நிரப்பட்டும், துண்டுகள் நழுவி ஓடும். அடுத்த முறை ஐஸ்கிரீம் குச்சிகளை வரிசையாக நட்டுத் தடுப்பு கட்டியபின் நிரப்பட்டும். கடலில் முதலில் ஏன் சுவர் எழுப்புகிறார்கள் என்று நீங்கள் வாய் திறக்க வேண்டியதில்லை. மணல் வேண்டாம். தண்ணீர் கலங்கி ஒன்றும் தெரியாது, சிங்க் அடைத்துக்கொண்டால் மன்றத்தில் பேச்சும் வாங்குவீர்கள்.

அத்தாப்புக்கூரை

நடை வையுங்கள். ஆனால் ஒன்பது இடம் காட்டி ஒன்பது பத்தி வாசித்தால் சுற்றுலாதான். மூன்று வாசல் போதும்: நாகூர் தர்கா, தியன் ஹொக் கெங், அல்-அப்ரார் பள்ளிவாசல். மூன்றும் தெருவின் ஒரே பக்கம், கடல் இருந்த திசையைப் பார்த்து நிற்கின்றன. தெருவில் நிற்க வைத்து, "கப்பலிலிருந்து இறங்கியவர் முதலில் எதைச் செய்திருப்பார்?" என்று மட்டும் கேளுங்கள். தியன் ஹொக் கெங்கில் இருப்பது கடல்தெய்வம் மாசூ. தர்கா 1828-30இல், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள் எழுப்பியது. அல்-அப்ராரைக் குச்சுப் பள்ளி என்பார்கள், 1827இல் அது வெறும் குடிசை. கட்டடம் மாறியும் பெயர் மாறவில்லை. இதைத் தமிழ்ப் பிள்ளைகளால் மொழிபெயர்ப்பு இல்லாமலே பிடித்துக்கொள்ள முடியும். வகுப்பைத் தமிழில் நடத்துவதன் லாபம் இங்கேதான்.

பண்பாடு என்றால் சேலை, கெபாயா, சியோங்சாம் படத்துக்கு வண்ணம் தீட்டுவது என்ற பழக்கத்தை விட்டுவிடலாம் என்பது என் கட்சி. தமிழ் பேசுகிறவர் எல்லாரும் தீபாவளி கொண்டாடுகிறவர் இல்லை என்பதை அந்தத் தெருவே சொல்லும்.

அங்கிருந்து பத்து நிமிடத்துக்குள் ஸ்ரீ மாரியம்மன் கோயில். அதைப் புவியியல் பாடமாக்குங்கள். 1819 மே மாதம் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளைக்குக் கோயிலுக்கென்று முதலில் கிடைத்த இடம் தெலுக் ஆயரில். சடங்குக்கு வேண்டிய நல்ல தண்ணீர் அங்கே இல்லை. ஸ்டாம்ஃபர்ட் கால்வாயருகே பார்த்த இடம் நகரத் திட்டத்தோடு ஒத்துவரவில்லை. 1823இல் சவுத் பிரிட்ஜ் சாலை இடம், 1827இல் மரமும் அத்தாப்பு ஓலையும் கொண்ட கோயில். மூன்று இடத்தையும் பிளாஸ்டிக் தாளில் புள்ளி வைத்து, முதல் இரண்டுக்கும் "ஏன் ஆகவில்லை" என்று ஒரு வரி எழுதட்டும். முதல் இடத்துக்குப் பக்கத்திலேயே கடல் இருக்க, தண்ணீர் இல்லை என்றால் எப்படி என்று எந்தப் பிள்ளையாவது கேட்டால் உங்கள் நாலு வாரமும் வீண் போகவில்லை.

காலை 9 மணிக்குள் கிளம்புங்கள். செருப்பு சீக்கிரம் கழற்றக்கூடியதாக இருக்கட்டும். 14 பேர் சப்பாத்து நாடா கட்டும் நேரம் நாலு வாசலுக்கும் சேர்த்தால் அரை மணி.

அளவுகோல்

மேலே சொன்ன இரண்டு படத்தையும் அச்சிடும்போது "பக்கத்துக்குப் பொருத்து" என்ற தெரிவை எடுத்துவிட்டு 100 விழுக்காட்டில் வையுங்கள். இல்லாவிட்டால் 1:5000 என்று எழுதியிருக்கும், ஆனால் தாளில் 1 செ.மீ. 50 மீட்டராக இருக்காது. அளவுக்கோடு படத்துக்குள்ளேயே இருந்தால் கவலையில்லை, படத்தோடு சேர்ந்து அதுவும் சுருங்கும். நடைக்குப் போகும் பிரதியில் அதை வெட்டிவிடாதீர்கள்.