நுரையீரலில் 7 மி.மீ. கட்டி: ஆறு மாதம் பொறுக்கலாமா?

மருதமுனையான்:
வாப்பாக்கு 61 வயசு, கனகாலச் சிகரெட். இருமலுக்கு மட்டக்களப்பில எடுத்த சீ.ரி. ஸ்கானில வலது மேல் மடலில 7 மி.மீ. கட்டி எண்டு இரிக்கு. ஆறு மாதத்தால திரும்ப எடுக்கச் சொல்றாங்க. இப்பவே ஊசி குத்திப் பார்க்க ஏலாதா? இல்லாட்டி புற்று ஒளிருதா எண்டு பார்க்கிற பெற் ஸ்கான்?

வாவிக்கரை:
ஆறு மாதம் சரியான கணக்குத்தான் தம்பி. நெஞ்சுப் படம் பார்க்கிற நிபுணர்ர சங்கமான ஃபிளைஷ்னர்ர 2017 வழிகாட்டலில திண்மக் கட்டி (முழுக்கக் கெட்டியானது) 6 - 8 மி.மீ. எண்டா 6 முதல் 12 மாதத்துக்குள்ள ஸ்கான். புகைச்சவருக்கு மறுகா 18 - 24 மாதத்தில இன்னொண்டு. 8ஐத் தாண்டினாத்தான் 3 மாத ஸ்கான், பெற், சதை எடுக்கிற பேச்சு. 7 மி.மீ. கட்டி மூச்சோட அசையும், ஊசி தப்பும், காத்துக் கசிஞ்சு நுரையீரல் சுருங்கவும் பார்க்கும். தப்பின ஊசியில 'புற்றில்லை' எண்டு வந்தாலும் அதை நம்ப ஏலாது. பெற் ஸ்கானும் இந்தளவில புற்றைத் தவறவிடும், ரீ.பி. (காசநோய்) கட்டியையோ புற்றுமாதிரி ஒளிரக் காட்டும். கொழும்புக்கு அலைஞ்சதுதான் மிச்சம்.

ஆனா இந்தக் கணக்கு 35 வயசுக்குக் குறைஞ்சவருக்கும், முந்திப் புற்று வந்தவருக்கும், எதிர்ப்புச்சக்தி குறைஞ்சவருக்கும் பொருந்தாது.

படச்சுருள்:
ரிப்போர்ட்டில 'திண்மம்' எண்டுதான் இரிக்கா? பாதி மங்கல், பாதி திண்மம் எண்டா 3 - 6 மாதம். நடுவில சுண்ணாம்பு படிஞ்சிருந்தா நல்ல சகுனம், ஓரமாப் படிஞ்சா அப்பிடிச் சொல்ல ஏலாது. இதெல்லாம் ஸ்கான் படத்தை 1 - 1.5 மி.மீ. மெல்லிய வெட்டுகளா எடுத்தாத்தான் தெரியும்; 5 மி.மீ. வெட்டில அளவே பிழைக்கும். ஃபிலிம் போதாது, படம் பதிஞ்ச சீ.டி. தட்டைக் கேட்டு வாங்குங்க. அடுத்த ஸ்கானுக்குப் படம் தெளிவாக்கிற மருந்து ஊசியில ஏத்தத் தேவையில்லை, குறைஞ்ச கதிர் போதும். 7 எட்டானா அளவெடுத்த வித்தியாசமாவும் இரிக்கலாம். 9 ஆனா கொள்ளளவு இரட்டிச்சிட்டு, அது வளர்ச்சி.

மருதமுனையான்:
திண்மம் எண்டுதான் இரிக்கு. நெற்றில, கட்டி புற்றா இரிக்கிற வாய்ப்பைக் கணக்குப் போடுற புரொக் கணிப்பான் ஒண்டு கண்டேன், அதைப் பார்க்கவா?

வாவிக்கரை:
பார்க்கலாம். வயசு, ஆணா பெண்ணா, குடும்பத்தில நுரையீரல் புற்று, எம்ஃபிசீமா (நுரையீரல் காத்தறைகள் சிதையிற நோய்), அளவு, வகை, எண்ணிக்கை, மேல் மடலா, முள்ளு விளிம்பா எண்டு கேக்கும். சிகரெட்டைக் கேக்காது, ஏனெண்டா கனடாவில புகைச்சவங்களை வெச்சே செஞ்சது. மேல் மடலுக்கு அது புள்ளி கூட்டும். நம்மட பக்கம் ரீ.பி.யும் அங்கதான் குந்தும்.

7 மி.மீ. கட்டியால இருமல் வாறது அருமை. இருமல் 2 கிழமையைத் தாண்டினா மார்பு நோய் கிளினிக்கில சளி குடுங்க. சளியில ரத்தமோ மெலிவோ கண்டா ஆறு மாதம் பொறுக்க வேணாம்.