பாட்டி பாடியதை எதில் வைப்பது?

சித்தி: எல்லாரும் கொஞ்சம் பாருங்கள். தாத்தாவின் படங்கள், பாட்டி பாடியதைப் பதிவு செய்தது எல்லாம் என் பழைய லேப்டாப்பில்தான் இருக்கின்றன. அது இப்போது ஒரு படத்தைத் திறக்கவே ரொம்ப நேரம் எடுக்கிறது. பெரிய பென் டிரைவ் ஒன்றில் போட்டுப் பீரோவில் வைத்துவிடட்டுமா?

அக்கா: பென் டிரைவ் வேண்டாம் சித்தி. அது இங்கிருந்து அங்கே எடுத்துப்போகத்தான். அதில் தகவல் மின்னூட்டமாக நிற்கிறது, வருடக்கணக்கில் செருகாமல் கிடந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும், சூடான இடமென்றால் இன்னும் சீக்கிரம். மெமரி கார்டும் அப்படித்தான்.

மாமா: அப்போ சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க் வாங்கட்டும். கீழே விழுந்தாலும் தாங்கும்.

அக்கா: தினமும் வேலை செய்ய அது அருமை மாமா, பூட்டி வைக்க இல்லை. அதுவும் பென் டிரைவ் போல மின்னூட்டத்தில் தகவல் வைக்கும் ஃபிளாஷ் மெமரிதான். வீட்டு எஸ்எஸ்டிக்கு ஜெடெக் என்ற தர அமைப்பு வைத்திருக்கும் அளவே, எழுதும் ஆயுள் தீர்ந்த பிறகு 30 டிகிரியில் கரண்ட் இல்லாமல் 1 வருடம் தாங்கினால் போதும் என்பதுதான். புதியது நிறைய நாள் தாங்கும், ஆனால் பாட்டி குரலை அதை நம்பி நான் வைக்க மாட்டேன்.

தம்பி: நான் ஆன்லைனில் 2 டிபி பென் டிரைவ் என்று ரொம்ப மலிவாக ஒன்று வாங்கினேன். காபி ஆகும்போது ஒரு பிழையும் வரவில்லை, பிறகு திறந்தால் பாதி வீடியோ ஓடவில்லை!

அக்கா: போலி அது. உள்ளே சின்ன சிப்பை வைத்துவிட்டு 2 டிபி என்று காட்டும்படி மாற்றியிருப்பார்கள். இடம் தீர்ந்ததும் பழையதன் மேலேயே எழுதும். எது வாங்கினாலும் முதலில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருளை ஓட்டு, இலவசம்தான். முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்த்துவிடும்.

சித்தி: சரி கண்ணு, நான் என்னதான் வாங்க?

அக்கா: வெளியே செருகும் ஹார்ட் டிஸ்க், இரண்டு. வேறு வேறு கம்பெனியாக வாங்குங்கள், ஒரே நேரத்தில் இரண்டும் போக வாய்ப்பு குறைவு. ஒன்று உங்களிடம், இன்னொன்று மாமா வீட்டில். காந்தப் பதிவு என்பதால் சும்மா கிடந்தாலும் இருக்கும், ஆனால் ஓடும்போது தட்டிவிட்டால் போச்சு. காபி முடிந்ததும் எஜெக்ட் கொடுத்துக் கழற்றிவிடுங்கள். செருகியே வைத்தால், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். வருடத்துக்கு ஒரு தடவையாவது செருகி நாலைந்து ஃபைலைத் திறந்து பாருங்கள்.

மாமா: என்னிடம் 2006இல் எழுதிய டிவிடிகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன.

அக்கா: அவற்றில் சாயப் பூச்சு மாமா, வெளிச்சமும் ஈரமும் பட்டு மங்கிவிடும். படிக்க முடிகிற வரை இப்போதே எடுத்துவிடுங்கள்.

அக்கா: சித்தி, ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். திறக்க அவ்வளவு நேரம் எடுப்பது டிஸ்க் போகப்போகிற அறிகுறியாக இருக்கலாம். ஹார்ட் டிஸ்க் வரும்வரை காத்திருக்காதீர்கள், முக்கியமானதை மட்டும் இன்றைக்கே போனுக்கு மாற்றுங்கள்.

சித்தி: இதோ செய்கிறேன்.

மாமா: 11 டிவிடி பார்த்தேன், 3 படிக்கவே இல்லை. மற்றதையெல்லாம் லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

சித்தி: பாட்டி பாட்டு போனில் வந்துவிட்டது. கடைசி வரை கேட்டுப் பார்த்தேன், நடுவில் இருமுவதுகூட அப்படியே இருக்கிறது. அண்ணா, ஒரு ஹார்ட் டிஸ்க்கை ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவருகிறேன்.