"ஏன் முன்னாடியே வரவில்லை?" என்று கேட்பதற்கு முன்

தெற்கு டெக்சாஸில் நர்ஸாக இருக்கும் உறுப்பினர்:

அமெரிக்காவில் மருத்துவத் துறையில் இருக்கும் நம்மவர்கள் இங்கே நிறையப் பேர் உண்டு. மெக்சிகோ, குவாத்தமாலா, ஹோண்டுராஸ் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்களை நோயாளிகளாகத் தினமும் பார்க்கிறவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். முதலில் என்னுடையதைச் சொல்கிறேன்.

மெக்சிகோ எல்லையோரம் மெக்ஆலென் பக்கம் ஒரு சமுதாயக் கிளினிக்கில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு இன்சூரன்ஸ் கிடையாது. வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தைக் குறைப்போம், விசா பற்றிக் கேட்க மாட்டோம். அப்படியிருந்தும் நோய் முற்றிய பிறகுதான் வருகிறார்கள்.

சமீபத்தில் வந்தவர் வீடுகளுக்குக் கூரை போடுகிறவர். காலில் புண். பூட்ஸைக் கழற்றினால் சாக்ஸ் புண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சலைன் ஊற்றி ஊற வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிரிக்க முடிந்தது. சுண்டுவிரல் கறுத்துப்போயிருந்தது. சுகர் மீட்டரில் எண்ணே வரவில்லை, 'ஹை' என்று மட்டும் காட்டியது.

எங்களிடம் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், "ஏன் முன்னாடியே வரவில்லை?" என்று கேட்டுவிட்டான். அந்த மனிதர் கோபப்படவில்லை, பொறுமையாகக் காரணம் சொன்னார். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி போகும். இரண்டாம் நாளும் போகாவிட்டால் மேஸ்திரி வேறு ஆளை வைத்துக்கொள்வார். டெக்சாஸில் குடியேற்றப் பேப்பர் இல்லாதவர்களுக்கு டிரைவிங் லைசென்ஸ் கொடுப்பதில்லை. போலீஸ் நிறுத்தினால் விஷயம் அபராதத்தோடு முடியாது. அதனால் கிளினிக்குக்கு வண்டி ஓட்டி வருவதே அவருக்கு ஆபத்தான காரியம்.

எல்லை ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் மெக்சிகோவில் நுவேவோ ப்ரோக்ரெசோ என்ற ஊர். தெரு முழுக்க மருந்துக் கடையும் பல் டாக்டரும்தான். எங்கள் ஊர்க்காரர்கள் சாதாரணமாகப் போய் வருவார்கள். பேப்பர் இல்லாதவர் போனால் திரும்பி வர முடியாது. சரி, வடக்கே சான் அன்டோனியோவில் பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றனவே என்றால், போகும் வழியில் ஃபால்ஃபூரியாஸில் எல்லைக் காவல் படையின் சோதனைச் சாவடி. தெற்கே ஆறு, வடக்கே சாவடி. நடுவில் என்ன வைத்தியம் கிடைக்கிறதோ அதுதான் அவர்களுக்கு.

அவருக்கு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. இப்போது எங்கள் ப்ரோமோத்தோரா வாரா வாரம் அவர் வீட்டுக்கே போய்க் கட்டு மாற்றியாயிற்றா, மருந்து தீர்ந்துவிட்டதா என்று பார்க்கிறார். ப்ரோமோத்தோரா என்றால் அதே தெருவில் வசித்துக்கொண்டு, பயிற்சி எடுத்துச் சுகாதாரப் பணி செய்யும் பெண். எந்த டாக்டருக்கும் திறக்காத கதவு அவருக்குத் திறக்கிறது.

டெக்சாஸில் உள்மருத்துவ டாக்டர்:

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் ரெசிடென்சி (ஆஸ்பத்திரிப் பயிற்சி) நாட்கள் நினைவுக்கு வந்தன. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்யவேண்டும். அமெரிக்கக் குடிமக்களில் பெரும்பாலோருக்கு அந்தச் செலவை 1972ல் வந்த சட்டப்படி மத்திய அரசின் மெடிகேர் காப்பீடு ஏற்கிறது. பேப்பர் இல்லாதவர்களுக்கு அது கிடையாது. எமர்ஜென்சிக்கு வருகிறவரைப் பணம் கேட்காமல் பரிசோதித்து, உயிராபத்து இருந்தால் சிகிச்சை தரவேண்டும் என்பது 1986 சட்டம். ஆகவே பல இடங்களில் உயிருக்கு ஆபத்து வந்த பிறகுதான் அவர்களுக்கு டயாலிசிஸ்.

அதிகாலையிலேயே வந்து உட்கார்ந்திருப்பார்கள். கால் வீங்கியிருக்கும், பேச்சுக்குப் பேச்சு மூச்சு வாங்கும். ரத்தம் எடுத்துப் பார்ப்போம். பொட்டாசியம் போதுமான அளவு ஏறவில்லை என்றால் வீட்டுக்கு அனுப்பச் சொல்வார்கள். ஒரு பெரியவர் வரும் வழியிலேயே பொட்டாசியத்தை ஏற்றும் ஆரஞ்சு ஜூஸ் குடித்துவிட்டு வருவார். பொட்டாசியம் அதிகம் ஏறினால் இதயம் நின்றுவிடும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். குடிக்காமல் வந்தால் அன்று மெஷின் கிடைக்காது என்பதும் தெரியும். அவருடைய பைலில் யாரோ 'அறிவுரையைப் பின்பற்றாதவர்' என்று எழுதி வைத்திருந்தார்கள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

2018ல் வெளியான ஓர் ஆய்வு டென்வர், ஹூஸ்டன், சான் பிரான்சிஸ்கோ நோயாளிகளை ஒப்பிட்டது. இப்படி எமர்ஜென்சியில் மட்டும் டயாலிசிஸ் பெற்றவர்கள் 5 ஆண்டுக்குள் இறக்கும் வாய்ப்பு, முறையாகப் பெற்றவர்களைவிட 14 மடங்கு. கொலராடோ 2019ல் விதியை மாற்றி, முறையான டயாலிசிஸுக்கே பணம் கொடுக்க ஆரம்பித்தது. பணக் கணக்குப் பார்த்தாலும் ஐசியுவில் சேர்ப்பதைவிட அதுதான் மலிவு. இன்னும் பல மாநிலங்கள் ஏன் தயங்குகின்றன என்று எனக்குப் புரியவே இல்லை.

கலிஃபோர்னியா ஆக்ஸ்னார்டிலிருந்து ஒரு உணவு ஆலோசகர்:

எங்கள் ஊரில் ஸ்ட்ராபெரி தோட்டங்கள் அதிகம். பறிக்கிறவர்களில் நிறையப் பேர் மெக்சிகோவின் ஒஹாக்கா, கெரெரோ மாநிலங்களின் பூர்வகுடிகள். ஹிஸ்பானிக் (ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வழிவந்தவர்) என்றாலே எல்லோருக்கும் ஸ்பானிஷ் தெரியும் என்று ஆஸ்பத்திரிகள் நினைக்கின்றன. இவர்களுடைய தாய்மொழி மிஸ்டெக்கோ. ஊருக்கு ஊர் அதுவே மாறும்.

கர்ப்பகாலச் சர்க்கரையோடு ஒரு இளம்பெண் வந்தாள். போன் மூலமாக ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளர் பேச, அவள் எல்லாவற்றுக்கும் "ஸி, ஸி" (ஆமாம், ஆமாம்) என்று தலையாட்டினாள். இன்சுலின் எப்போது போடுவாய் என்று கேட்டாலும் அதே "ஸி". அப்புறம்தான் மிஸ்டெக்கோ பேசும் ஒரு அம்மாவை வரவழைத்தோம். நான் சொல்வதை ஒருவர் ஸ்பானிஷில் சொல்ல, அதை அந்த அம்மா மிஸ்டெக்கோவில் சொல்ல, பதில் அதே வழியில் திரும்பி வரும். நேரம் எடுத்தாலும் எல்லாம் வெளியே வந்தது. ஒரு வீட்டில் நான்கு குடும்பம், எல்லோருக்கும் ஒரே ஃபிரிட்ஜ். யாராவது எடுத்துவிடுவார்களோ என்று இன்சுலினைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்திருக்கிறாள், இரண்டு மாதமாக. மருந்து வேலை செய்யாததற்குக் காரணம் அதுதானோ என்னவோ. அன்றைக்கே புது இன்சுலின் கொடுத்து, மூடி போட்ட டப்பாவில் அவள் பெயர் எழுதி அனுப்பினோம். ஸ்பானிஷ் துண்டுப் பிரசுரத்தை ஓரமாக வைத்துவிட்டு, அந்த அம்மா மேஜையில் டார்ட்டியா ரொட்டிகளை அடுக்கி வேளைக்கு எத்தனை என்று காட்டினார். அடுத்த முறை வந்தபோது சுகர் இறங்கியிருந்தது.

கலிஃபோர்னியா 2024 ஜனவரியில் வருமானம் குறைந்த எல்லா வயதினருக்கும், பேப்பர் இல்லாவிட்டாலும், மெடி-கால் என்ற மாநில மருத்துவக் காப்பீடு தந்தது. 2026 ஜனவரியிலிருந்து பேப்பர் இல்லாத பெரியவர்களைப் புதிதாகச் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். நடுவில் சேர்ந்தவர்கள் புதுப்பிக்கும் தேதியைத் தவறவிட்டுவிடக்கூடாதே என்பதுதான் இப்போது என் கவலை.

நியூ ஜெர்சியிலிருந்து:

நான் மருத்துவத் துறை இல்லை. எங்கள் தெருவில் வீடு சுத்தம் செய்ய வரும் அக்கா ஹோண்டுராஸ்காரர். மகன் இங்கே பிறந்தவன், அமெரிக்கக் குடிமகன். ஆஸ்துமா. அவனுக்கு மெடிகெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) கிடைக்கும், ஆனால் விண்ணப்பிக்க மாட்டேன் என்கிறார். அரசு உதவி வாங்கினால் பிற்காலத்தில் தனக்கு கிரீன் கார்டு கிடைக்காது என்று யாரோ சொன்னார்களாம். என்ன சொல்லிப் புரிய வைப்பது?

தெற்கு டெக்சாஸ் நர்ஸ்:

தம்பி, அந்தப் பயம் 2019ல் வந்த விதியால் கிளம்பியது. அந்த விதியே 2021 மார்ச்சில் போய்விட்டது. அது இருந்தபோதும் பிள்ளை வாங்கும் மெடிகெய்டைத் தாயின் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் 2025 ஜூனில் சில மாநிலங்களின் மெடிகெய்ட் விவரங்களைக் குடியேற்றத் துறையின் கைக்கே கொடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடத்தில் கைது வேண்டாம் என்றிருந்த பழைய வழிகாட்டுதலும் அந்த வருடம் ஜனவரியில் ரத்தானது. அதனால் "பயப்படாதீர்கள்" என்று வெறுமனே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விதிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. விண்ணப்பிக்கும் முன் இலவசக் குடியேற்ற வக்கீல் ஒருவரிடம் அவரைக் கூட்டிப் போங்கள். பையனின் இன்ஹேலருக்கு அதுவரை காத்திருக்க வேண்டாம், பக்கத்துச் சமுதாயக் கிளினிக்கில் சலுகை விலையில் கிடைக்கும்.

டெக்சாஸில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. 2024 நவம்பர் முதல் ஆஸ்பத்திரிகளில் குடியேற்ற நிலை பற்றிக் கேட்கிறார்கள். பதில் சொல்லவேண்டிய கட்டாயம் நோயாளிக்கு இல்லை. சொல்லாவிட்டாலும் சிகிச்சையை மறுக்க முடியாது. எங்கள் கிளினிக்கில் இதை ஸ்பானிஷில் அச்சடித்து, பர்ஸில் வைக்கிற அளவுக்குச் சீட்டாகக் கொடுக்கிறோம். டெக்சாஸ் ஆஸ்பத்திரிகளில் வேலை பார்க்கிறவர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், அனுப்பி வைக்கிறேன்.