முதுவாக்குடிக்குப் பதினெட்டுப் பேர்: போகலாமா, வேண்டாமா?

ஆரப்பாளையத்தான்:
மாசி சிவராத்திரி லீவை ஒட்டி மதுரையிலிருந்து 18 பேர், முதுவர் என்கிற மலைவாழ் மக்களின் ஊரான முதுவாக்குடிக்குப் போகிறோம். காலை ரயிலில் போடி, ஜீப்பில் குரங்கணி, அங்கிருந்து நடை. ராத்திரி ஊருக்குள் கூடாரம். மறுநாள் சென்ட்ரல் ஸ்டேஷன் என்கிற மலையூர் வழியாக டாப் ஸ்டேஷன் முகட்டுக்கு ஏறி, மூணாறில் பஸ் பிடித்துத் திரும்புகிறோம். ஊர் மக்களுக்குப் பழைய துணி 3 மூட்டை, காய்ச்சல் மாத்திரை, பிள்ளைகளுக்கு பிஸ்கட். வேறென்ன எடுத்துக்கணும்?

போடிமேற்கு:
எடுத்துக்க வேண்டியது வேற தேதி, தம்பி. மாசி, பங்குனி அந்தச் சரிவுக்குத் தீக்காலம். 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கியவர்கள் காட்டுத்தீயில் மாட்டிக்கொண்டது இதே மலையில்தான். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்கப்புறம்தான் மலையேற்றத்துக்கென்றே தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே 40 பாதைகளைத் திறந்து ஆன்லைன் முன்பதிவு ஆரம்பித்தது. அதையும் 2025இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை தீக்காலம் என்று மூடி வைத்தார்கள்.

அடுத்தது ரயில். அது போடி சேரவே 10 மணிக்கு மேல். ஜீப் பேசி குரங்கணி போய், சாமானைப் பிரித்துக் கட்டி நடக்க ஆரம்பிக்கும்போது உச்சி வெயில். குரங்கணி மலையின் கிழக்குச் சரிவில் இருக்கு. விடிந்ததுமே வெயில் நேராக முகத்தில் அறையும். சாயந்திரம் சூரியன் மேற்கு முகட்டுக்குப் பின்னால் போய்விடுவதால் மதுரையை விட வெகு சீக்கிரம் இருட்டும். இருட்டினால் காட்டுமாடு பாதைக்கு வரும்.

ஆரப்பாளையத்தான்:
அண்ணே, அது ஊரு. மக்கள் குடியிருக்கிற இடத்துக்குப் போக எதுக்கு அனுமதி? கொட்டகுடி ஊராட்சிக்குள்ளதானே வருது? தீ பத்தினா ஓடிற மாட்டோமா?

போடிமேற்கு:
ஊருக்கு வேண்டாம்னே வைத்துக்கொள்வோம். ஊருக்குப் போகிற பாதை காட்டுக்குள் போகுதே. உறவு வீட்டுக்கு வருகிறவருக்கும் கூடாரம் கட்டிக்கொண்டு வருகிற 18 பேருக்கும் வித்தியாசம் சோதனைச் சாவடியில் இருப்பவருக்குத் தெரியும். அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைந்தால் 1882ஆம் வருடத்து வனச் சட்டத்திலேயே வழக்குப் போட இடம் இருக்கு.

ஓடுறதைப் பற்றிச் சொல்றேன், கேளுங்க. சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமெடுக்கும். கீழே எரிகிற சூட்டில் மேலே இருக்கிற புல் முன்கூட்டியே காய்ந்து பத்தத் தயாராக நிற்கும். பகலில் காற்றும் பள்ளத்திலிருந்து மேலே ஏறும். நீங்க ஏறி ஓடுற திசையும் அதேதான். காய்ந்த புல் இடுப்பளவு நிற்கிற இடத்தில் யாராலும் அதை முந்த முடியாது. தப்பிக்கிற இடம் என்றால் வெறும் பாறை, ஓடைப் படுகை, இல்லை ஏற்கெனவே எரிந்து கருகி ஆறின தரை. நைலான், பாலியஸ்டர் பேன்ட் போட்டிருந்தால் உருகித் தோலோடு ஒட்டிக்கும். பருத்திதான் போடணும்.

ஏலத்தட்டை:
போடிமேற்கு அண்ணன் தீயைக் காட்டி எல்லாரையும் வீட்டில் உட்கார வைத்துவிடுவார். தேதி தப்பு, ஒத்துக்கிறேன். அதுக்காகப் போறதே தப்பா? அங்கே ஏலம், மிளகு, காப்பி இருக்கு. வழிகாட்டுக் கூலி, சுமைக் கூலி, சாப்பாட்டுக் காசு நேராகக் கையில் சேரும். ஆள் வராவிட்டால் அந்த வருமானமும் இல்லை.

தம்பி, டிசம்பர் கடைசி இல்லாட்டி ஜனவரி வைத்துக்கொள்ளுங்க. ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். கிழக்குச் சரிவு என்பதால் வடகிழக்கு மழை நேராக இங்கேதான் மோதும். மேலே ஒரு மணி நேரம் கொட்டினால் கொட்டகுடி ஆறு கலங்கி ஏறும். தண்ணீரில் சருகும் குச்சியும் வர ஆரம்பித்தால் தாண்டவே கூடாது, வடிகிற வரைக்கும் உட்காரணும். ரயிலை விட்டுவிட்டு ஆரப்பாளையத்தில் அதிகாலை 3 மணிக்குத் தேனி பஸ் ஏறுங்க. 7 மணிக்குள் குரங்கணியில் இருக்கணும். திரும்புகிற கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று போடியில் இறங்கியதுமே கேட்டு வைத்துக்கொள்ளுங்க.

சிவகாமி தேனி:
ஏலத்தட்டை அண்ணே, வருமானம் என்கிறீங்களே, 18 பேர் ராத்திரி தங்கினால் காலையில் எங்கே ஒதுங்குவார்கள் என்று யோசித்தீர்களா? ஓடைக்கரையில்தான். குடிதண்ணீர் எடுப்பதும் அந்த ஓடையில்தான்.

பழைய துணி மூட்டை எதுக்கு? கிழிந்த சுடிதாரும் சாயம் போன சட்டையும் மலையில் குப்பையாகக் கிடக்கும். மாத்திரை கொடுப்பது அதைவிட மோசம். ஐந்து நாள் சாப்பிட வேண்டிய ஆன்டிபயாடிக் மருந்தில் நாலு மாத்திரையைக் கொடுத்துவிட்டு வந்தால் நோய் தீராமல் போகலாம், அடுத்த தடவை அந்த மருந்தும் வேலை செய்யாமல் போகலாம். பிஸ்கட் உறை ஓடைக்குப் போகும். இன்னும் ரெண்டு வருஷத்தில் பிள்ளைகள் வெளியாள் சத்தம் கேட்டதும் கையை நீட்டிக்கொண்டு ஓடிவரப் பழகிடும்.

என் கருத்து, ஊருக்குள் போகவே வேண்டாம். மலை பார்க்கணும்னா குரங்கணி–சாம்பலாறு பாதை அரசுப் பட்டியலில் இருக்கு, வழிகாட்டியும் உண்டு. அதில் நடந்துவிட்டு வாங்க. மனுஷர் வீட்டு வாசல் காட்சிப்பொருள் இல்லை.

ஆரப்பாளையத்தான்:
அக்கா, நாங்க வேடிக்கை பார்க்கப் போகல. முதுவர்கள் நம்ம மதுரைக்காரங்க. மீனாட்சியம்மன் சிலையை முதுகில் சுமந்துகிட்டு மலை ஏறினதாலதான் அந்தப் பேரே வந்தது. அந்தச் சொந்தத்துலதான் போறோம்.

சிவகாமி தேனி:
சொந்தக்காரன் என்றால் வருவதற்கு முன்னால் சொல்லி அனுப்புவான், தம்பி. கண்ணகி எரித்தபோது மதுரையை விட்டு வந்தவர்கள் என்றும் சொல்வதுண்டு. ரெண்டும் வழிவழியாக வருகிற கதை. அவர்களாக வாய் திறந்து சொன்னால் கேட்கலாம். நீங்க போய் 'உங்க கதை இதுதானே' என்று போனை நீட்டிப் படம் எடுக்கக் கூடாது. பெண்களுக்கென்று ஒதுக்கின குடிசை இருக்கும் பக்கம் ஆண்கள் போகவே கூடாது. டிரோன் கனவிலும் வேண்டாம்.

ஏலத்தட்டை:
சிவகாமி சொன்னதில் துணி, மாத்திரை, டிரோன் வரைக்கும் நூற்றுக்கு நூறு சரி. 'போகவே வேண்டாம்' என்பதைத்தான் ஏற்க முடியாது. வரலாமா வேண்டாமா என்பதை ஊர்தான் சொல்லணும். தேனியில் உட்கார்ந்து நாம் எப்படிச் சொல்வது?

18 பேர் வேண்டாம், 6 பேர் போங்க. ஒற்றையடிப் பாதையில் 18 பேர் நடந்தால் முன்னால் போகிறவருக்கும் கடைசி ஆளுக்கும் நடுவில் ரெண்டு வளைவு விழும், குரல் எட்டாது. முதலில் வனத்துறையிடம் கேளுங்க. அப்புறம் குரங்கணியில் முதுவர் யாரையாவது பிடித்து ஊர்த் தலைவருக்குச் சொல்லி அனுப்புங்க. 'வரட்டும்' என்று பதில் வந்தால் மட்டும் ஏறணும். கூலியை ஏறும் முன்னாடியே பேசி முடிங்க. ஏலக்காய் பறிப்புக் காலத்தில் பகலில் பாதிப் பேர் காட்டில் இருப்பார்கள். 11 மணிக்குப் போய் 'ஊரில் ஆளே இல்லை' என்று எழுதாதீங்க.

ஏலக்காய் வாங்கினால் முந்தின நாள் போடி ஏலச் சந்தை விலையைப் பார்த்துவிட்டுப் போங்க. அதற்குக் கீழே பேரம் பேசக் கூடாது. பச்சைக்காய் காய்ந்தால் நாலில், அஞ்சில் ஒரு பங்குதான் நிற்கும். அது தெரியாமல் 'இவ்வளவு விலையா' என்று மலைக்காதீங்க.

போடிமேற்கு:
6 பேர், ஜனவரி, சொல்லி அனுப்பிவிட்டு. இப்படி என்றால் எனக்கும் மறுப்பு இல்லை. ராத்திரித் தங்கலுக்கு மட்டும் முடியாது. ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர். ஒரு லிட்டருக்கு 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்த பாட்டில் தனியாக ஒன்று. சாப்பாடு புளிச்சோறு, வாழையிலையில் கட்டினது. அடுப்பு மூட்டுகிற பேச்சே கூடாது. அட்டைப்பூச்சிக்கு உப்பும் புகையிலைத் தூளும் துணியில் முடிந்து, தண்ணீரில் நனைத்து, செருப்பு வாரில் தேய்க்கணும். போனை விமான நிலையில் வைங்க. டவரைத் தேடித் தேடியே மத்தியானத்துக்குள் சார்ஜ் இறங்கிடும். பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போடி அரசு மருத்துவமனைக்கு, அதற்கு மேல் தேவைப்பட்டால் தேனி பக்கம் க.விலக்கில் இருக்கிற அரசு மருத்துவக் கல்லூரிக்கு. 18 பேர் வந்தாலும் 6 பேர் வந்தாலும் தூக்க வரப்போவது அந்த ஊர்க்காரர்கள்தான், அதையும் கணக்கில் வைங்க.

மத்தியானம் 1 மணிக்கு எங்கே நின்றாலும் திரும்பணும். டாப் ஸ்டேஷனை மறந்துவிடுங்க. (சென்ட்ரல் ஸ்டேஷன் என்றதும் ரயில் வரும் என்று எதிர்பார்க்கிற ஆளும் இருக்கு. வெள்ளைக்காரன் தேயிலை இறக்கின கம்பிவடப் பாதையில் அது நடு நிலையம், அவ்வளவுதான்.)

ஆரப்பாளையத்தான்:
சரிண்ணே. 18 பேரில் யாரைக் கழிப்பது என்பதுதான் இப்ப பெரிய ஏற்றம். ஜனவரிக்கு மாற்றிக்கிறோம். துணி மூட்டையைப் பிரிச்சாச்சு. அக்கா, ஊரிலிருந்து 'வரட்டும்' என்று பதில் வந்தால் அப்பவும் வேண்டாம் என்பீங்களா?

சிவகாமி தேனி:
பதில் வரட்டும், அப்புறம் பேசுவோம். வராவிட்டால் மறுபடி ஆள் அனுப்பி நச்சரிக்காதீங்க. சாம்பலாறு பாதைக்கு முன்பதிவைப் பார்த்து வைங்க.