அப்டேட்: துபாய் ஸ்கூலா ரியாத் காலேஜா, முடிவு பண்ணிட்டேன்

போன மாசம் கேட்டிருந்தேன்ல, எம்.ஏ இங்கிலீஷ், பி.எட், மதுரைல 8 வருஷம் சிபிஎஸ்இ அனுபவம், துபாய்ல ஒரு இந்தியன் ஸ்கூல், ரியாத்ல ஒரு காலேஜ், எதுக்குப் போகலாம்னு. பதில் போட்ட எல்லாருக்கும் மனசார நன்றிங்க.

ரியாத் இல்லன்னு ஆயிடுச்சு. இன்டர்வியூ நல்லாதான் போச்சு, கடைசில நேட்டிவ் ஸ்பீக்கர் வேணும், அதாவது பிரிட்டன், அமெரிக்கா, கனடா பாஸ்போர்ட் மாதிரின்னுட்டாங்க. நான் எப்படிப் பாடம் எடுக்குறேன்னு ஒரு டெமோகூட பாக்கல, அதுதான் இன்னும் வலிக்குது.

துபாய் ஆஃபர் லெட்டர் வந்துச்சு. இங்க ஒரு அக்கா சொன்ன மாதிரி பேசிக் (அடிப்படைச் சம்பளம்) எவ்ளோ, அலவன்ஸ் எவ்ளோன்னு பிரிச்சுக் கேட்டேன், ஏன்னா அங்க கிராஜுவிட்டி, அதாவது வேலைய விட்டுப் போறப்ப குடுக்குற பணம், பேசிக்கை வச்சுதான், முதல் 5 வருஷம் வரைக்கும் வருஷத்துக்கு 21 நாள் சம்பளம், இவங்க பேசிக்கை ரொம்பக் கம்மியா வச்சு மிச்சத்தையெல்லாம் அலவன்ஸ்ல போட்டிருந்தாங்க. திருப்பிக் கேட்டதும் கொஞ்சம் ஏத்துனாங்க. விசா செலவையும் என் தலைல கட்டப் பாத்தாங்க, அந்த ஊர் சட்டப்படி அது வேலை குடுக்குறவங்க பொறுப்புன்னு சொன்னேன், விட்டுட்டாங்க. தயவுசெஞ்சு கேளுங்க, கேக்காம கையெழுத்து போடாதீங்க!

ஏப்ரல்ல அங்க இந்தியன் ஸ்கூல் வருஷம் ஆரம்பிக்குது, அதுக்குள்ள டிகிரி அட்டெஸ்டேஷன், அதாவது சர்டிஃபிகேட் உண்மையானதுன்னு அரசாங்க முத்திரை வாங்குறது, முடியணும். ஸ்டேட் லெவல் முடிஞ்சுது, அடுத்து வெளியுறவு அமைச்சகம், அப்புறம் எமிரேட்ஸ் தூதரகம். இப்போதைக்கு நான் மட்டும் போறேன், வாடகையும் பொண்ணு ஸ்கூல் ஃபீஸும் என்ன ஆகும்னு நேர்ல பாத்துட்டுதான் குடும்பத்தைக் கூட்டிட்டுப் போகணும்.